கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே

உங்கள் மேஜைக்கு முதல் துப்பாக்கி வந்து சேரும் நாளில் உங்கள் கை தானாகவே பஞ்சையும் மருந்துப் பாட்டிலையும் தேடும். என் கையும் அப்படித்தான் தேடியது. வேதியியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு எதையாவது கரைத்துப் பார்க்காவிட்டால் வேலை செய்த மாதிரியே இருக்காது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நல்ல மனிதர்கள் வாய்த்தார்கள். அவர்களைப் பற்றிச் சொன்னால் தொழிலும் கூடவே வந்துவிடும்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் மானகிரியைச் சேர்ந்தவள். விவசாயக் குடும்பம். அருங்காட்சியகத்தின் இரசாயனப் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்தபோது அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "பழைய சாமானுக்கு வைத்தியம் பாக்குறா" என்று அம்மா ஊரில் சொல்லிக்கொண்டார். அதைவிட நன்றாக நானும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

எங்கள் பிரிவின் தலைவரை நாங்கள் 'சார்' என்று மட்டுமே அழைத்தோம். தன் பெயர் எழுத்தில் வருவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் அவர் சார்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, வரிசையாக நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து மஸ்கெட் துப்பாக்கிகளைக் காட்டி, "இதுல எது பழசு?" என்று கேட்டார். நல்ல பழுப்பு நிறத்தில், பார்த்தாலே பழமை தெரிந்த ஒன்றை நான் தொட்டுக் காட்டினேன்.

"எதை வச்சுச் சொல்ற?"

"நிறத்தை வச்சுத்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் நன்றி. பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்துச் சிப்பாயின் மஸ்கெட் பெரும்பாலும் வெள்ளி மாதிரி மின்னியது. குழலுக்குப் பூச்சு எதுவும் கிடையாது. அரம் போட்டு இழைத்து மெருகேற்றிய வெறும் இரும்பு. அதன் மேல் புள்ளித் துரு தெரிந்தாலும் சிப்பாய்க்குத் தண்டனை. செங்கல் பொடியும் எண்ணெயும் வைத்துத் தேய்ப்பது அவனுக்கு அன்றாட வேலை. இரும்பின் மேல் வேண்டுமென்றே துருவை ஏற்றி, அதை அடக்கி, எண்ணெய் போட்டுப் பழுப்பு நிறத் தோலாக நிறுத்துகிற முறை படைத் துப்பாக்கிகளில் பரவியது பின்னால்தான். பழைய துப்பாக்கியை வாங்கியவர்களும் தங்கள் விருப்பத்துக்குப் பழுப்பேற்றிக்கொண்டார்கள். ஆகவே பழுப்பு என்றால் பழசு, பளபளப்பு என்றால் புதுசு என்று நம்புகிற கண் நம் தொழிலில் அடிக்கடி தடுக்கி விழும். ஒரு துப்பாக்கியின் மேல் அது பிறந்தபோது இருந்த மேற்பரப்பு எது, பிறகு வந்தது எது என்று பிரித்துச் சொல்வதுதான் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

சாரைப் பற்றி இன்னொன்று. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் கண்காட்சியைத் திறந்துவைக்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் அவருடைய உதவியாளர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார் துப்பாக்கியெல்லாம் இப்படி மங்கிக் கெடக்கு? நாளைக்குள்ள மின்னணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பயந்துபோனோம். தேய்த்தால் எல்லாம் போய்விடும், தேய்க்காவிட்டால் சாருக்குச் சிக்கல். சார் ஒரு வாளித் தண்ணீரும் செய்தித்தாளும் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிகளின் கண்ணாடியை உள்ளும் புறமும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து துடைத்தோம். உள்ளே எரிந்த பழைய குழல்விளக்கை மாற்றினோம். மறுநாள் உதவியாளர் வந்து பார்த்து, "இப்ப எப்படி மின்னுது பாருங்க! சொன்னாத்தானே செய்றீங்க" என்றார். சார் தலையை ஆட்டினார். அந்தத் துப்பாக்கிகளை நாங்கள் தொடவே இல்லை.

பெரியவர்களின் உத்தரவுக்கு 'முடியாது' என்று சொல்லித்தான் ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் கண்ணாடியைத் துடைத்துத் தப்பிக்க முடியாத நாளும் வரும். எனக்கு வந்தது. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அது சார் ஓய்வு பெறும் தறுவாயில் நடந்தது. நான் விடுப்பில் மானகிரி வீட்டில் இருந்தேன். காலையில் சாரிடமிருந்து போன் வந்தது. நெற்குப்பைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் போலீசார் ஒரு துப்பாக்கியைப் பிடித்திருக்கிறார்கள், கருத்துச் சொல்ல ஆள் கேட்கிறார்கள், நீதான் பக்கத்தில் இருக்கிறாய், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். வீட்டில் இருந்த லென்ஸ், ஒரு சின்ன பாட்டில் அசிட்டோன், பஞ்சு, மூங்கில் குச்சிகள், ஒரு சிறு சுத்தியல், இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ராத்திரித் தூக்கம் இல்லாத முகம்.

"வந்துட்டீகளா மேடம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் மயில் ஒன்று சுடப்பட்டுச் செத்துக் கிடந்தது. உடம்பில் ஈய ரவை. ஊரில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று விசாரித்தபோது ஒரு படம் கிடைத்தது. பழைய செட்டியார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மயில் சாவதற்குச் சில நாள் முன்பு அதைப் பார்க்க வந்த யாரோ செல்போனில் எடுத்த படம். முகப்புச் சுவரில் கருகருவென்று ஒரு நீளத் துப்பாக்கி தொங்கியது. வீட்டுக்குக் காவலும் மரவேலையும் பார்க்கிற சுப்பையா என்பவரைக் கூட்டிவந்துவிட்டார்கள். மாடி அறையில் பழைய சாமான்களுக்கு அடியில் கிடந்ததை எடுத்துப் பெயிண்ட் அடித்து மாட்டியதாக அவர் சொல்கிறார். சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர்களோ, எங்கள் வீட்டில் துப்பாக்கியே கிடையாது என்று போனில் சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். போலீஸ் போன் வந்தால் யாருக்கும் பயம் முந்திக்கொள்ளும்.

"மேடம், மயில்னா சாதாரணக் கேஸ் இல்ல. சாயங்காலத்துக்குள்ள ஆளக் கோர்ட்ல நிறுத்தணும். மேல இருந்து போனுக்கு மேல போன். நாட்டுத் துப்பாக்கியா, பழைய காலத்துச் சாமானா, ஒத்த வார்த்தை சொல்லிருங்க. நான் அதுபடி எழுதிர்றேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. சுட முடியாத பழங்கால ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. உள்ளூரில் கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி என்றால் அதுவே ஒரு குற்றம், மயில் அதற்கு மேல் இன்னொன்று.

சுப்பையா ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதை ஒட்டியவர். வேட்டியில் மரத்தூளும் கறுப்புப் பெயிண்டும். வாசலில் அவர் மனைவி வள்ளிக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

மேஜை மேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்கும் அது நாட்டுத் துப்பாக்கி என்றே பட்டது. குழல் முழுக்கக் கடைப் பெயிண்ட். தீப்பொறி தட்டுகிற சுத்தியல் போன்ற பகுதி உள்ளூர்க் கொல்லர் அடித்து மாற்றியது. விசைத் தகட்டில் இருக்க வேண்டிய முத்திரை இல்லை, யாரோ தேய்த்து எடுத்திருந்தார்கள். இதையெல்லாம்விட மோசம், குழலின் வாய்ப் பக்கத்தில் விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய் உள்ளே இரும்பு பளிச்சென்று மின்னியது.

"இது யார் தேய்ச்சது?"

ஓர் இளம் கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். கையில் இன்னும் உப்புத்தாள் இருந்தது. "நம்பர் எதுவும் இருக்கானு பாத்தேன் மேடம். உள்ள பாருங்க, புத்தம் புது இரும்பு. இப்பத்தான் பட்டறையில அடிச்சது மாதிரி இருக்கு. மிச்சத்தையும் தேய்ச்சிரவா?"

"தயவுசெஞ்சு தேய்க்காதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் எவ்வளவு பழைய இரும்பும் அப்படித்தான் மின்னும் என்று விளக்க அப்போது நேரமில்லை. இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "குழலை மரக்கட்டையில் இருந்து கழற்றிப் பார்க்கணும். அதுக்குக் கொஞ்ச நேரம் வேணும்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை."

இந்தப் பதிலுக்கு அவர் கோபப்பட்டிருக்கலாம். கொஞ்சம் யோசித்தார். பிறகு கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சிக்கு வரவழைத்தார். கான்ஸ்டபிளைச் செல்போனில் முழுவதையும் வீடியோ எடுக்கச் சொன்னார். அதற்குள் மறுபடியும் போன் அடித்தது. "பாத்துக்கிட்டு இருக்காங்க சார். முடிஞ்சதும் சொல்றேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டு, போனைக் குப்புறக் கவிழ்த்தார். அந்தக் கவிழ்த்த போனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. நேரம் தருவது எவ்வளவு பெரிய உதவி என்று நெருக்கடியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வகைத் துப்பாக்கியில் மரக்கட்டையின் குறுக்கே மெல்லிய ஆணிகளைச் செருகிக் குழலைப் பிணைத்திருப்பார்கள். நான் முதல் ஆணியில் மூங்கில் குச்சியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, அங்குட்டு இருந்து தட்டாதீக. கட்டை பொளந்துரும். இங்குட்டு வலப்பக்கம் இருந்து தட்டுங்க. ஆணி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கு."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். "மரத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு. அதை ஒட்டவச்சப்பப் பாத்தேன்" என்று முனகினார்.

ஜெயிலுக்குப் போகப்போகிற மனிதர் கட்டை பிளந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். அந்தக் கணத்தில் நான் அவரை நம்பிவிட்டேன். இவர் மயிலைச் சுட்டிருக்கமாட்டார் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. உங்களிடம் சொல்கிறேன், அந்த நாளில் எனக்கு வந்த பெரிய ஆபத்து அதுதான். மேலிடத்துப் போன்கூட இல்லை. ஒரு முடிவை விரும்ப ஆரம்பித்த பிறகு நம் கண் அதற்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும்.

வலப்பக்கமிருந்து தட்டினேன். ஆணிகள் ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. குழல் மரத்தை விட்டு எழுந்தது. திருப்பி வைத்தேன்.

மரத்துக்குள் படுத்திருந்த அடிப்பக்கத்தில் பெயிண்ட் இல்லை. பழுப்பும் இல்லை. சாம்பல் கலந்த வெள்ளை இரும்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழலின் நீளவாக்கில் ஓடுகிற அரம் இழைத்த மெல்லிய கோடுகள், காலத்தில் கூர் மழுங்கி, அவற்றின் மேல் மரத்திலிருந்து ஊறி இறுகிப்போன எண்ணெய்ப் படலம். பின்பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள், குழலைச் சோதித்துத் தேற்றியதற்கு அடையாளமாக அந்தக் காலத்தில் குத்துகிறவை. ஒரு பட்டாளத்து மஸ்கெட் பிறந்தபோது இருந்த மேற்பரப்பு இதுதான். மனிதர் கையோ வெயிலோ உப்புத்தாளோ போகாத இடத்தில் அப்படியே இருந்தது.

மரத்தின் விளிம்பு தொட்ட இடத்தில் இன்னொன்று இருந்தது. பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கரை எட்டிப் பார்த்தது. அங்கங்கே மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே கசிந்து வழிந்த தடம். அதாவது யாரோ குழலைக் கழற்றாமலே, மரத்தில் இருந்தபடியே பழுப்பேற்றியிருக்கிறார்கள். முதலில் வெள்ளை இரும்பு, பிறகு பழுப்பு, கடைசியாகச் சுப்பையாவின் கறுப்பு.

கான்ஸ்டபிளைக் கூப்பிட்டேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து, முதலில் அவர் தேய்த்த இடத்தையும் பிறகு அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொன்னேன். அவர் தயங்கிக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேடம், என் கோடு குறுக்க ஓடுது. புதுசா, வெட்டுன மாதிரி இருக்கு. இது நெடுக்க ஓடுது. மேல என்னமோ படிஞ்சிருக்கு."

"ரெண்டும் மின்னுது. ஆனா ஒண்ணு இன்னைக்குப் பொறந்தது, இன்னொண்ணு கம்பெனி காலத்துல பொறந்தது. நீங்க தேய்ச்ச இடம் பக்கத்துல இருக்கிறதால ஒப்பிட்டுக் காட்ட எனக்கு வசதியாப் போச்சு" என்றேன். நிலையத்தில் தேய்க்கப்பட்ட இடம் என்று அறிக்கையில் எழுதத்தான் வேண்டும், எழுதினேன். ஆனால் அவர் முகம் தெளிந்தபிறகு எழுதினேன்.

சந்தோஷத்தில் வாசலுக்குப் போய் சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லி, "பழைய துப்பாக்கிதான் சார். இந்த ஆள் சுடலை சார்" என்றேன்.

சார் கேட்டார். "அதை இரும்பு சொல்லுச்சா, நீ சொல்றியா?"

பழைய துப்பாக்கி என்று இரும்பு சொன்னது. சுடவில்லை என்று நான்தான் சொன்னேன். பழைய துப்பாக்கியும் சுடும். வெடிமருந்து கெட்டித்துப் பற்றவைத்தால் எந்தக் காலத்துக் குழலும் வெடிக்கும்.

"போய்ப் பாரும்மா. அவசரப்படாம பாரு. எது வந்தாலும் கண்ணு பாத்ததை மட்டும் எழுது. என்கிட்டக் கேட்டுத்தான் எழுதினேன்னு சேத்துக்கோ. கேள்வி வந்தா எங்கிட்ட வரட்டும்."

தப்பு நேர்ந்தால் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவர் தயாராக இருந்தார். அடுத்த சில மாதங்களில் ஓய்வூதியத்தை எதிர்பார்க்கிற ஓர் அரசு ஊழியர் இப்படிச் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும்.

உள்ளே போனேன். இனிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். குழலின் பின்பக்கத்தில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். பொறி அதன் வழியாகத்தான் உள்ளே இருக்கும் மருந்தைப் போய்ப் பற்றவைக்கும். அந்த இடம் பெயிண்டுக்கு அடியில் மூடிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஒரு கம்பிய விட்டுக் குத்திப் பாத்தாத் தெரிஞ்சிருமே மேடம்? ஓட்டை இருந்தா உள்ள போகும்."

"குத்தினா ஓட்டை இருந்ததா, நாம போட்டதான்னு நாளைக்கு யாராவது கேப்பாங்க. பெயிண்டை மட்டும் எடுத்துப் பாக்குறேன்."

"அப்ப மொத்தமா எடுத்துருங்களேன்."

"நகத்தளவு போதும்."

பஞ்சு நுனியை அசிட்டோனில் தொட்டு அந்த இடத்தில் வைத்தேன். தேய்க்கவில்லை, வைத்து வைத்து எடுத்தேன். பெயிண்ட் இளகிப் பஞ்சில் கறுப்பாக ஒட்டியது. புதுப் பஞ்சு. மறுபடியும் கறுப்பு. துளை திறந்திருந்தால், அதைச் சுற்றி மருந்து எரிந்த புதுக்கரி இருந்தால், அதையும் நான்தான் எழுத வேண்டும். பெஞ்சில் இருந்தவரைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வாசலில் நின்ற அவர் மனைவியின் நிழல் மட்டும் தரையில் தெரிந்தது.

பஞ்சில் கறுப்பு குறைந்தது. அடியில் பழுப்பு தெரிந்தது. லென்ஸை வைத்தேன். துளை இருந்த இடத்தில் துளை இல்லை. வட்டமான ஓர் இரும்பு ஆணியை அடித்து இறுக்கி, மேலே சமமாக இழைத்துவிட்டிருந்தார்கள். அந்த ஆணியின் மேலும், அதைச் சுற்றியிருந்த குழலின் மேலும், பழுப்புத் தோல் ஒரே விரிப்பாக, எங்கும் அறுபடாமல் போர்த்தியிருந்தது.

எழுந்து இன்ஸ்பெக்டரிடம் லென்ஸைக் கொடுத்தேன்.

"இதுல என்ன பாக்கணும் மேடம்?"

"நடுவுல வட்டமா ஒண்ணு தெரியுதா? அது ஓட்டையை அடைச்ச ஆணி. அதுக்கு மேல பழுப்பு எங்கயாவது கீறியிருக்கா, விட்டுப்போயிருக்கா பாருங்க."

அவர் வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தார். "இல்லையே. ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்படின்னா பழுப்பேத்தறதுக்கு முந்தியே ஓட்டையை அடைச்சிட்டாங்க. அதுக்கு அப்புறம் யாரும் திறக்கலை. திறந்திருந்தா அந்தத் தோல் கிழிஞ்சிருக்கும். பெயிண்ட் அதுக்கும் மேல வந்தது. இந்தத் துப்பாக்கி பெயிண்ட் அடிச்ச பிறகும் சுடலை, பழுப்பேத்தின பிறகும் சுடலை."

அலங்காரத்துக்கோ, ஊர்வலத்தில் காவலாள் தோளில் போட்டுக்கொண்டு போவதற்கோ யாரோ அதை வாயடைத்து, அழகுக்குப் பழுப்பேற்றியிருக்கலாம். அது என் ஊகம். அறிக்கையில் எழுதவில்லை.

"எந்த வருஷம்னு போடலாம் மேடம்?"

"வருஷம் தெரியாது. கம்பெனிப் படையில இருந்த பாணின்னு மட்டும் போடுங்க."

"மயில யாரு சுட்டதுனு..."

"அதை இந்த இரும்புகிட்டக் கேக்க முடியாது. இது சுடலைன்னு மட்டும்தான் இது சொல்லும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தி அவரே மேலிடத்தைக் கூப்பிட்டார். நான் கேட்ட வரையில் அவர் ஒரு வார்த்தையையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறுமுனையில் சத்தம் வந்தது. "சார், எழுதிக் குடுத்துருக்காங்க. வீடியோவும் இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, "சரி சார்" என்று வைத்தார். பிறகு பெஞ்சைப் பார்த்து, "சுப்பையா, வீட்டுக்குப் போங்க. கூப்பிட்டா மட்டும் வரணும்" என்றார்.

அவர் எழுந்திருக்கவில்லை. கான்ஸ்டபிள்தான் போய்த் தோளைத் தொட்டு எழுப்பினார். மயிலைச் சுட்டவர் யார் என்பது பின்னால் வேறு வழியில் தெரிந்தது. அது என் கதை இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் காரைக்குடி பஸ்ஸில் ஏறினேன். சுப்பையாவும் வள்ளிக்கண்ணுவும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். ஊரில் எல்லோர் முகத்திலும் முழிக்க இன்றைக்குத் தெம்பில்லை, கோட்டையூரில் தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று வள்ளிக்கண்ணு சொன்னார். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் சுப்பையா திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? நான் அந்தப் பெயிண்டு அடிச்சது தப்பா?"

"அடிக்காம இருந்திருக்கலாம்" என்றேன். பொய் சொல்ல விருப்பமில்லை. "ஆனா நான் ஒண்ணு கேக்கணும். பெயிண்ட் அடிக்கிறவுக யாரும் முதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டுத்தானே அடிப்பாக? நீங்க ஏன் தேய்க்கலை?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "தேய்க்கத்தான் எடுத்தேன். தாளைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன். யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு அந்தப் பழுப்ப ஏத்தியிருக்காருன்னு தெரிஞ்சுச்சு. ஒரு எடத்துலகூடத் திட்டு இல்ல. அடுத்தவுக கைவேலை மேல தாள வைக்க மனசு வரல. துடைச்சிட்டு அப்படியே மேல அடிச்சிட்டேன். வேலை சரியில்லைதான், சீக்கிரம் உரிஞ்சிரும்."

பஸ் ஒரு கண்மாய்க் கரையில் திரும்பியது. அந்த உப்புத்தாள் ஒரு தடவை அந்த இடத்தில் போய்வந்திருந்தால் ஆணிக்கு மேல் இருந்த தோல் போயிருக்கும். அடைப்பு எப்போது வந்தது என்று சொல்ல என்னிடம் எதுவும் இருந்திருக்காது. லென்ஸும் அசிட்டோனும் என் படிப்பும் வெறும் கையோடு நின்றிருக்கும்.

அதைச் சொன்னேன். நிதானமாக, அவருக்குப் புரிகிற மாதிரி. "நான் உங்களைக் காப்பாத்தலைங்க. நீங்க தேய்க்காம விட்டீங்க பாருங்க, அதுதான். நான் போய்ப் பாத்ததோட சரி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. காலையிலிருந்து அடக்கிவைத்தது அத்தனையும் வந்தது. வள்ளிக்கண்ணு பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நல்லாக் கேட்டீக அக்கா. எங்க வீட்டு நிலைக்கதவத் தேய்ச்சுப் பாலீஷ் போடுங்கன்னு வருசக்கணக்காச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுக்கும் இந்த மனுசனுக்கு மனசு வரமாட்டேங்குது. அதுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போறாகளோ!"

சுப்பையா அழுதபடியே சிரித்தார். பக்கத்துச் சீட்டில் இருந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.